என் கதிரையில் நீ இருக்கலாம்

நிரு, நீ இப்போது மருந்துக் கடை வரிசையில் நிற்பாய். இன்றைக்கு என் தலை நன்றாக இருக்கிறது. காலையில் குருவிக்குத் தீன் போட்டது நினைவிருக்கிறது. போட்டேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதனால் நீ வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். வாயால் சொல்லிப் பயனில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். இன்று சொன்னதை நாளைக்கு நான் மறந்துவிடுவேன். நீயும் அதை வசதியாக வைத்துக்கொண்டு, "அதைப் பற்றி நேற்றே கதைச்சு முடிச்சிட்டம் அம்மா, நீங்கள்தான் ஓம் எண்டனீங்கள்" என்பாய். எத்தனை தரம் அப்படி என்னை ஏமாற்றினாய் என்று எண்ணக்கூட என்னால் முடியாது, அதுதானே உன் துணிச்சல். யூதச் சட்டத்தில் ஒரு விஷயம் நிற்க இரண்டு சாட்சிகள் வேண்டும். என் இணையப் பக்கத்தை வாசிக்கிறவர்கள் இரண்டு பேரைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருப்பார்கள். ஆகவே இங்கேயே, எல்லோரும் பார்க்கப் போடுகிறேன்.

இன்று காலை பல்கனியில் நின்று உன் சிநேகிதனோடு போனில் கதைத்தாயே, நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஹலிஃபாக்ஸில் அந்தக் கப்பல் எஞ்சின் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று போன கிழமை எனக்குச் சொன்னாய். போகவில்லை. நாளைக்குக் காலை பதில் சொல்ல வேண்டும், நீ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். "அம்மாவை ஆரிட்டை விடுறது மச்சான், அதை விடு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சின்ன வயதில் பால் பெட்டியில் துளை போட்டு, வைக்கோல் குழாய் சொருகிக் கப்பல் செய்து, குளியல் தொட்டியில் விட்ட பிள்ளை நீ. போ, நிரு. இந்தக் கடிதம் முழுவதும் சொல்ல வருவது அதுதான். ஆனால் நீ ஏன் போகமாட்டாய் என்பதும், அதில் என் பங்கு என்ன என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் இந்த யூதச் சட்டப் பைத்தியத்துக்குள் எப்படி விழுந்தேன் என்று கேட்பவர்களுக்கு நீ ஒரு கதை சொல்வாய். "எங்கடை அம்மா அடுப்பு மூட்ட விடேல்லை எண்ட கோவத்திலை யூதச் சட்டம் படிச்சவா." அது பொய்யில்லை. பாதர்ஸ்ட் வீதிப் பக்கம் அந்த யூத முதியோர் இல்லத்துச் சமையலறையில் முதல் நாள் வேலைக்குப் போய் அடுப்புத் திருகியில் கை வைத்தேன். ஒரு பெட்டை "தொடாதை! தொடாதை!" என்று ஓடி வந்தாள். வாயு கசிகிறதாக்கும் என்று நான் கதவுப் பக்கம் பாய்ந்தேன். அவள்தான் ரிவ்கா, அந்தச் சமையலறையில் சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கும் மேற்பார்வையாளர், என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எல்லாம் நான் என் தமிழில்தான் எழுதுவேன், வேறு வழியில்லை. "நெருப்பு மட்டும் நான் மூட்டுவன். பிறகு நீ என்னத்தையும் சமை," என்றாள். எனக்குச் சுரீரென்றது. நம் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் யார் யாரை அடுப்படிக்குள் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? இங்கே நான் அந்தப் பக்கம் ஆகிவிட்டேனோ என்று பொருமிக்கொண்டு பஸ்ஸில் போனை எடுத்துத் தேடினேன். நிரு, இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன்! தங்களில் ஒருவர் நெருப்பு மூட்டினால் அந்தச் சமையல் தங்களுடையதாகிவிடுகிறது, பிறகு யார் கை போட்டாலும் பரவாயில்லை என்பது எத்தனை நுணுக்கமான யோசனை! அதற்குக் கீழே ஒருவர் ஏன் என்று கேட்கிறார், அதற்குக் கீழே இன்னொருவர் அப்படியில்லை என்கிறார், அதற்கும் கீழே பல நூறு வருஷம் கழித்து வந்தவர் இரண்டு பேரையும் திட்டுகிறார். கொமென்ற் பகுதியை இந்த உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நம் பதினான்காம் மாடி அப்பார்ட்மென்ற் என்ன பாடு பட்டது என்று உனக்கு நினைவிருக்கும். அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகள், எனக்கு யூரியூப்பும் பஸ் பயணமும்தான் பள்ளிக்கூடம். புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவரும் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு கட்டளை. நான் பல்கனி முழுக்க வலை அடித்தேன். கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரின்ரென்டன்ற் வந்து "இது என்ன, மீன் பிடிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போனான். உன் பசிக்கு முன் உன் மிருகத்தின் பசி என்று இன்னொன்று. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியில் துடிப்பாய், நான் "முதல் குருவிக்கு" என்பேன். "அம்மா, குருவி நாள் முழுக்கத் திண்டுகொண்டுதான் இருக்குது, நான்தான் ஒண்டும் தின்னேல்லை!" என்று கத்திக்கொண்டே தினை போடுவாய். கண்டெடுத்த பொருளைக் கண்டும் காணாமல் போகக் கூடாது என்பதால் எலிவேற்றரில் கிடந்த ஒற்றைக் கையுறைக்கு உரியவரைத் தேடி நீயும் நானும் மாடி மாடியாகக் கதவு தட்டினோம். கீரையில் ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்தோம். ஆளில்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கட்டளையைக் கீழ்மாடி ரஜனிக்குச் சொன்னபோது அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! "அப்ப நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? உவள் சாந்தியைப் பற்றிக் கதைக்கேலாதெண்டால் நான் ஏன் ரண்டு மாடி ஏறி வந்தனான்?" என்று கேட்டாள். நான் வேண்டுமானால் சாந்தியையும் கூட்டி வந்து கதைப்போம் என்றேன். அவள் ஒரு மாதம் வரவில்லை.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. கதிரையும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையை நம் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவர்களைப் போல் அதைப் பிரித்துப் பிரித்து எழுதியவர்களை நான் கண்டதில்லை. தாய் உட்காரும் இடத்தில் உட்காராதே. அவள் சொன்னதை மறுத்துப் பேசாதே. சாப்பாடு கொடு, உடுத்திவிடு, வெளியே கூட்டிப் போ, திரும்பக் கூட்டி வா. உன் அப்பா மொன்றியலில் வேறு குடும்பமாகிப் போன நேரம் அது. இந்த வீட்டில் எனக்கென்று ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ, ஹீற்றர் பக்கத்தில் இருந்த நீலக் கதிரையைக் காட்டி, "இண்டையிலிருந்து இது என்ரை. நீ இதிலை இருக்கக் கூடாது. சட்டம்!" என்றேன். நீ கடதாசியில் கிரீடம் செய்து கதிரை முதுகில் ஒட்டினாய். உன் சிநேகிதர்கள் வந்து உட்காரப் போனால், "டேய் எழும்பு, அது மகாராணியின்ரை," என்று இழுத்து விடுவாய். எனக்கு என்ன பெருமை! அதைப் படம் எடுத்து இதே பக்கத்தில் போட்டேன். நிறைய லைக் வந்தது.

பிறகு அந்தக் காலை வந்தது. நீ அறிந்ததை ரிவ்கா சொல்லித்தான் அறிந்தாய், நான் என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்கிறேன். நான் சமையலறைக்குள் போனேன், உருளைக்கிழங்கு உரித்துக் கிடந்தது, அடுப்பு குளிர்ந்து கிடந்தது. யாரும் இன்னும் நெருப்பு மூட்டவில்லை, என்ன சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திருகியைத் திருப்பினேன். டிக், டிக், நீலச் சுவாலை. எனக்கு அது மிகவும் சாதாரணமாக இருந்தது. ரிவ்கா வந்து பானையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"ஆர் மூட்டினது?"

"நான்தான். வேறை ஆர்?"

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தால் முகம் வெளிறிப்போய் நின்றாள். "நீ மறந்து போனாயோ?" என்று கேட்டாள். நான் "என்னத்தை?" என்றேன். அந்த ஒரு சட்டத்தால்தானே எனக்கு இந்த ஆசை முழுவதும் வந்தது, நிரு. எத்தனை பேருக்கு அதைப் பற்றி எழுதினேன், அந்தத் திருகியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போவேன் என்று எழுதினேன். அது என் தலையிலிருந்து சுத்தமாகப் போயிருந்தது, போனதற்கான தழும்புகூட இல்லை. அன்றைய கிழங்கு மேசைக்குப் போகவில்லை. ரிவ்கா என்னைத் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். வழி முழுக்க அவள் அழுதாள், நான் அவளைத் தேற்றிக்கொண்டு வந்தேன். என்ன விஷயமென்றே தெரியாமல்.

இந்த வயதிலும் மறதி நோய் வருமாம். உன்னைப் பெற்றபோது எனக்கு உன் இப்போதைய வயதுகூட இல்லை. அதனால் நம் இருவருக்கும் நீண்ட காலம் இருக்கிறது, எனக்கு மறந்து முடிக்கவும் உனக்குப் பார்த்து முடிக்கவும். டொக்டர் நல்ல பெண், பூசி மெழுகவில்லை. இது ஒரு பக்கம்தான் போகும் என்றாள். மருந்துக் குளிசை கொஞ்சம் மெதுவாகப் போகச் செய்யும், அவ்வளவுதான்.

நீ மாறியது அதற்குப் பிறகுதான். விளையாட்டாகச் செய்ததை எல்லாம் உண்மையாகச் செய்யத் தொடங்கினாய். மறுத்துப் பேசாதே என்று நான்தானே சொல்லித் தந்தேன். இன்றைக்கு வெள்ளி என்று நான் சொன்னால் செவ்வாய்க்கிழமையும் உனக்கு வெள்ளிதான். வேலைக்கு நேரமாச்சு என்று நான் சாப்பாட்டுப் பெட்டி கட்டினால் நீயும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவாய். லோறன்ஸ் வீதி பஸ்ஸில் ஏற்றி, மாறி, அந்தச் சமையலறை வாசல்வரை என்னைக் கூட்டிப் போவாய். வாசலில் நின்று போனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "இண்டைக்கு லீவாம் அம்மா, இப்பதான் மெசேஜ் வந்தது," என்பாய். திரும்பக் கூட்டி வருவாய். ஒருநாள் பஸ்ஸிலேயே எனக்குத் தெளிந்துவிட்டது. கடைசி இருக்கையில் மடியில் பெட்டியோடு இருக்கிறேன், பக்கத்தில் நீ, உன் வேலைச் சட்டையோடு, நேரம் பத்தைத் தாண்டிவிட்டது. "நாங்கள் எங்கை போறம்?" என்றேன். "சும்மா அம்மா. காத்து வாங்க." உனக்கு எத்தனை வேலை இதனால் போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ உண்மை சொல்லியிருக்கமாட்டாய்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனை எடுத்து, நான் எத்தனையோ தரம் வாசித்த அதே கட்டளையைத் திரும்பத் திறந்தேன். இதுதான் நான் செய்த பெரிய பிழை, நிரு. எனக்குப் பிடித்த இடத்தோடு நிறுத்தி, படம் எடுத்து, பக்கத்தில் போட்டுவிட்டேன். கீழே இறக்கிப் பார்க்கவேயில்லை. கீழே இருந்தது. பெற்றவர் பிள்ளையின் கழுத்தில் பாரத்தை ஏற்றக் கூடாது, தன் மரியாதையைக் கணக்குப் பார்த்துக் கேட்கக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும், கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அதுவும் கட்டளைதான், எனக்கான கட்டளை! இன்னும் கீழே போனேன். புத்தி பேதலித்துப்போன தாய்க்கும் தகப்பனுக்கும் என்று தனியாக ஒரு சட்டம். முடிந்த மட்டும் அவர்களுடைய புத்தியின் போக்கிலேயே போ. முடியாமல் போனால், அவர்களைப் பார்க்க வேறு ஆட்களை ஏற்படுத்திவிட்டு, நீ விட்டுவிட்டுப் போகலாம். போகலாம்! எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் உன்னையும் என்னையும் லோறன்ஸ் பஸ்ஸில் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. நான் துள்ளி எழும்பி ரிவ்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கண்டுபிடிச்சிட்டன்! அவன் போகலாம்! சட்டத்திலை இருக்கு!"

"அந்த வரிக்குப் பக்கத்திலை சின்ன எழுத்திலை இன்னொண்டு இருக்கும். அதையும் வாசி," என்றாள். வாசித்தேன். இன்னொரு பெரியவர் அதே இடத்தில் மறுத்திருக்கிறார். இவனே விட்டுவிட்டுப் போனால், காவல் இருக்கச் சொல்லி யாரிடம் சொல்லிவிட்டுப் போவான் என்று கேட்டிருக்கிறார்.

"ஆர் சரி?" என்றேன்.

"ரண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கினம். ஒருத்தரும் ஒருத்தரையும் அழிக்கேல்லை."

இந்தச் சின்ன எழுத்தை உனக்குச் சொல்லாமல் மறைக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ ஏற்கனவே கேட்கிற கேள்வி அதுதானே. பல்கனியில் நீ கேட்டதும் அதுதான். ஆரிட்டை விடுறது? ரஜனி "நான் பாக்கிறன்" என்கிறாள், அவள் வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். பராமரிப்பு இல்லங்களில் வரிசை எங்கேயோ போய் நிற்கிறது. என் பிள்ளைக்கு விடுதலை கொடுக்கத் தேடிப் போனேன், அது கிடைத்த இடத்திலேயே அதற்கான பூட்டும் கிடைத்தது.

ரிவ்கா என்னைத் தேற்றத்தான் போன ஞாயிறு வந்தாள். தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னாள். "இஞ்சை பார், உனக்கும் உன்ரை பிள்ளைக்கும் உந்த அறுநூற்றுப் பதின்மூண்டும் இல்லை. அது எங்களுக்குத் தந்தது. மற்ற எல்லாருக்கும் ஏழுதான். அந்த ஏழுக்குள்ளை தாய் தகப்பனைக் கனம்பண்ணுறது இல்லை." எனக்கு அந்த ஏழும் தெரியும், எப்போதோ ஒப்பித்தும் இருக்கிறேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. நமக்குத் தரப்படாத ஒரு கயிற்றை எடுத்து, அது அழகாக இருக்கிறது என்று, அதனால் என் பிள்ளையைக் கட்டியிருக்கிறேன்.

ரிவ்கா இருக்கும்போதே உன்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கட்டாயம் ஒன்றுமில்லை, இருந்தாலும் பெற்றவள் தன் மரியாதையை விட்டுக்கொடுத்தால் அது செல்லும், நான் விட்டுக்கொடுக்கிறேன், சாட்சிக்கு ரிவ்கா இருக்கிறாள், வந்து இந்தக் கதிரையில் இரு என்றேன். எழும்பி நிலத்தில் உட்கார்ந்து, கதிரையை உனக்கு விட்டேன். நீ கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"அப்ப நான் உந்தச் சட்டத்துக்காண்டியோ இருக்கிறன் எண்டு நினைச்சனீங்கள்?"

நான் கதிரையை உன் பக்கம் தள்ளினேன்.

"லூசு அம்மா," என்றுவிட்டு நிலத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தாய். என் தோளில் சாய்ந்து போனைப் பார்க்கத் தொடங்கினாய். ரிவ்கா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "எழும்புங்கோ ரண்டு பேரும். எங்களிலை ஆரும் செத்தால்தான் இப்பிடி நிலத்திலை இருக்கிறது," என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நாம் இருவரும் எழும்பவில்லை. அவளும் வந்து நிலத்தில் இருந்தாள்.

சட்டமென்றால் அவிழ்க்க எங்கேயாவது ஒரு வரி இருக்கும், தேடிக்கொண்டே போகலாம் என்று இருந்தேன். நீ சொன்னதற்கு நான் எந்தப் பக்கத்தைத் தேடுவது? அதனால் இனிமேல் கெஞ்சத்தான் முடியும். நாளைக்குக் காலை ஓம் என்று சொல். நீ போகும் நாளில் நான் கதவடியில் உன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போகாதே என்று அழுவேன், அது நிச்சயம். அவளுடைய பேச்சைக் கேட்காதே. அவளை மறுத்துப் பேசு. இதை எழுதுகிறவள்தான் உன் அம்மா. உன் கப்பலையும் உன்னையும் நான் மறந்துபோகிற நாள் நீ பக்கத்தில் இருந்தாலும் வரும், ஹலிஃபாக்ஸில் இருந்தாலும் வரும். பக்கத்தில் இருந்தால் நீ அதைப் பார்க்க வேண்டிவரும், அது ஒன்றுதான் வித்தியாசம். நான் போய்க்கொண்டிருக்கிற இடத்துக்கு வாசல்வரை கூட்டிப்போய் "இண்டைக்கு லீவாம்" என்று திருப்பிக் கூட்டிவர உன்னால் முடியாது, ராசா.

எலிவேற்றர் சத்தம் கேட்கிறது. நான் நிலத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கதிரை சும்மா இருக்கிறது, கிரீடத்தையும் கிழித்துவிட்டேன்.

நீ வந்துவிட்டாய். மருந்துப் பையைக் கதிரையில் வைத்தாய். சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாய்.

"என்ன, திரும்பவும் எழுத்தோ? ஆருக்கு?"

"உனக்குத்தான். இப்பவே வாசி."

போனை வாங்கித் திரையைப் பார்த்தாய், விரலால் ஒரு முறை மேலே தள்ளினாய், எவ்வளவு நீளம் என்று பார்க்க. பிறகு போனை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர்க் கிளாஸை நீட்டினாய்.

"நாளைக்குக் காலமை வேலை இருக்கு, பின்னேரம் வாசிக்கிறன் அம்மா. முதல் குளிசையைப் போடுங்கோ."